மூன்றாவது லேன் யாருக்கு?

வரும் பள்ளி விடுமுறையில் நடக்கும் நீச்சல் லீக்குக்குப் பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எங்கள் பெற்றோர் குழுவில் மூன்று வாரமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் பாதி பேருக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் குழுவில் முன்வைத்த ஒவ்வொரு வழியையும் எடுத்து, என் மனதில் பட்டதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். என் மகளும் இந்த அணியில் நீந்துகிறாள், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: எங்கள் ஊர் மலேசியாவின் கீழ்ப் பேராவில், நாலா பக்கமும் செம்பனை சூழ்ந்த சின்னப் பட்டணம். 25 மீட்டர் குளம் ஒன்று, ஆறு லேன், அதாவது கயிறு கட்டிப் பிரித்த ஆறு தடம். நீந்த வருகிற பிள்ளைகளில் ஒரு பாதி பட்டணத்துத் தாமான்களைச் (குடியிருப்புகளைச்) சேர்ந்தவர்கள், அப்பாவோ அம்மாவோ காடியில் (காரில்) கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மறு பாதி தோட்டத்துப் பிள்ளைகள், ஒரே மோட்டார் சைக்கிளில் அப்பா முன்னால், அண்ணன் தங்கை பின்னால், மடியில் துண்டும் கண்ணாடியும் சுருட்டின பிளாஸ்டிக் பையோடு ஒன்பது கட்டை (மைல்) தூரம் வருகிறவர்கள். இதில் பலர் முதலில் நீந்தப் பழகியது தோட்டத்துப் பாரிட்டில் (வாய்க்காலில்), அதுவும் வீட்டுக்குத் தெரியாமல்.

லீக்கின் விதி எளிது. இரண்டு கிளப் மோதும், ஒரு போட்டிக்கு ஒரு கிளப்பில் இருந்து மூன்று பேர், ஆக நமக்கு மூன்று லேன், முதல் மூன்று இடத்துக்கு 5, 3, 1 புள்ளி. ஒரு பிள்ளைக்குத் தனிப் போட்டி இரண்டுதான், ரிலே தனி. இந்த அமைப்பு அமெரிக்கக் கோடை லீக்குகளைப் பார்த்து வந்தது. வட வர்ஜீனியாவில் 1956 முதல் நடக்கும் லீக்கில் நூறு கிளப்புக்கு மேல் இருக்கின்றன. அங்கே சனிக்கிழமை காலை ஏ மீட் (மீட் என்றால் கிளப்புகள் மோதும் போட்டி நாள்), அதில் ஒரு போட்டிக்கு ஒரு கிளப்பில் மூன்று பேர் மட்டும். அந்த மூன்றில் வராத பிள்ளைகளுக்கு வார நாளில் பி மீட் என்று ஒன்று தனியாக உண்டு. நாங்கள் ஏ மீட்டை எடுத்துக்கொண்டோம், பி மீட்டை விட்டுவிட்டோம். இப்போது நடக்கிற சண்டையில் பாதி அதனால் வந்தது என்பது என் எண்ணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வழி, ஸ்டாப்வாட்ச். ஒரு நாள் டைம் டிரையல் வைப்பது, முதல் மூன்று டைம் யாருடையதோ அவர்கள் நீந்துவது. குழுவில் பெரும்பான்மை இதற்குத்தான். கடிகாரத்துக்கு யார் பிள்ளை என்று தெரியாது, மாமா மச்சான் தெரியாது, சாதி தெரியாது என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், அதனால் இந்த வழியை நான் லேசில் தள்ளமாட்டேன். தோற்ற பிள்ளைக்கும் ஒரு எண் கையில் கிடைக்கிறது, அடுத்த தடவை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தெரிகிறது.

ஆனால் போன வருடம் டிரையலில் நானே கடிகாரம் பிடித்தேன், அங்கே நடந்ததைச் சொல்லவேண்டும். சாயங்காலம் நாலரைக்கு இடி இறங்கியது. இடி என்றால் எல்லாரையும் தண்ணீரை விட்டு ஏற்றிவிடவேண்டும், அது சரிதான். அதற்குள் முதல் நாலு ஹீட் (ஒரே நேரத்தில் சேர்ந்து நீந்தும் சுற்று) முடிந்துவிட்டது. மீதிப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் ஈர உடையோடு கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள், உதடு நீலம் பாரித்துப்போய். மழை விட்டதும் நேரே குளத்தில் இறக்கினோம், வார்ம் அப் இல்லை. 9-10 வயதுப் பிரிவில் தோட்டத்துப் பையன் ஒருவன் அந்த ஹீட்டில் நீந்தி, 25 மீட்டரில் 0.3 வினாடியில் மூன்றாம் இடத்தைத் தவறவிட்டான். மூன்றாவதாக வந்த பிள்ளை இடிக்கு முன்னால் நீந்தியவன், அவனுக்கு டைம் பிடித்தது வேறொரு அப்பா.

0.3 வினாடி என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 மீட்டரை 20 வினாடியில் கடக்கிற பிள்ளைக்கு அது முப்பத்தேழு செண்டிமீட்டர், ஒரு முழம்கூட இல்லை. விசில் சத்தம் கேட்டு நம் கட்டைவிரல் பொத்தானை அழுத்துவதற்கே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிவிடும். அதிலும் ஒருவர் தொடக்கத்தில் தாமதமாக அழுத்துவார், இன்னொருவர் முடிவில் பிள்ளையின் கை சுவரைத் தொடும் முன்பே அழுத்திவிடுவார். இரண்டு பெரியவர்களின் கட்டைவிரலுக்கு நடுவில் இருந்த வித்தியாசத்தை நாங்கள் இரண்டு பையன்களுக்கு நடுவில் இருந்த வித்தியாசமாக எழுதிவைத்தோம். அந்தப் பையனின் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பலகையில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார், மகன் தலையைத் துவட்டிவிட்டார், மோட்டாரை எடுத்தார்.

இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது, அதுவும் நாம் கண்டுபிடிக்கவேண்டியது இல்லை. உலக நீச்சல் அமைப்பின் விதியே கையால் டைம் எடுத்தால் ஒரு லேனுக்கு மூன்று கடிகாரம் வை என்கிறது. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் டைம், மூன்றும் வேறு வேறாக இருந்தால் நடுவில் உள்ளது. ஆறு லேனுக்குப் பதினெட்டுப் பேர் நமக்குக் கிடைக்கமாட்டார்கள், சரி, மூன்று லேனில் மட்டும் விடுவோம், ஒன்பது பேர் போதும். ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு வாரத்தில் மூன்று தடவை எடுத்து, அதில் சிறந்ததை வைத்துக்கொள்ளலாம். இடி வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் ஒரு தடவைதான் போகும்.

இன்னொன்று. கடிகாரம் மட்டும் போதாது, ஸ்ட்ரோக் (நீந்தும் முறை) பார்க்க ஒருவர் நிற்கவேண்டும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடவேண்டும். சின்னப் பிள்ளைகள் அவசரத்தில் ஒரு கையால் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும், அதில் அரை வினாடி மிச்சமாகும். டிரையலில் யாரும் பார்க்காததால் அந்தப் பிள்ளை தேர்வாகி, மீட்டில் டிஸ்குவாலிஃபை ஆகி அழுதுகொண்டு வருகிறது. ஒழுங்காகத் தொட்ட பிள்ளை வீட்டில் இருக்கிறது. இது போன வருடம் இரண்டு தடவை நடந்தது. விதிப்படி நீந்தாத டைம் டைமே இல்லை என்று முதலிலேயே எழுதிவைத்துவிட வேண்டும்.

இத்தனையும் செய்தபிறகும் கடிகாரத்தில் ஒரு குறை நிற்கும், அது வயது. நம் லீக்கில் இரண்டு வயதுக்கு ஒரு பிரிவு, பள்ளி விளையாட்டில் பார்ப்பது போலப் பிறந்த வருடத்தை வைத்துத்தான் கணக்கு. ஜனவரி முதல் வாரத்தில் பிறந்த பத்து வயதுப் பிள்ளையும், அடுத்த வருடம் டிசம்பர் கடைசியில் பிறந்த ஒன்பது வயதுப் பிள்ளையும் ஒரே லேன் கயிற்றுக்கு இரு பக்கமும் நிற்பார்கள். நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருட வளர்ச்சி, அந்த வயதில் அது ஒரு தலை உயரம். கனடாவில் ஐஸ் ஹாக்கி அணிகளின் பிறந்த தேதிகளை 1980களில் ஆராய்ந்தபோது, வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள்தான் அதிகம் தேர்வாகியிருப்பது தெரிந்தது. பெரியவன் தேர்வாகிறான், தேர்வானதால் அதிகப் பயிற்சி கிடைக்கிறது, அதனால் அடுத்த வருடமும் அவனே. சின்னவன் நமக்கு இது வராது என்று நின்றுவிடுகிறான். இதை முழுவதும் சரிசெய்ய ஒரு சின்ன கிளப்பால் முடியாது. ஆனால் இரண்டு டைமுக்கு நடுவில் அரை வினாடிக்குள்தான் வித்தியாசம் என்றால் வயதில் சின்ன பிள்ளைக்கு இடம் என்று ஒரு வரி சேர்க்கலாம். கைக்கடிகாரத்தில் அரை வினாடி என்பது எப்படியும் நாம் சத்தியம் செய்யக்கூடிய வித்தியாசம் இல்லை.

இரண்டாவது வழி, கோச் முடிவு செய்வது. இதை ஆதரிக்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடிகாரம் பார்க்காததைக் கோச் பார்ப்பார்: யாருக்குப் படபடப்பில் கண்ணாடி கழன்றுவிடும், யார் 25 மீட்டர் வரை புலி, 50 என்றால் பாதியில் கயிற்றைப் பிடிப்பான், யார் முன்னவன் சுவரைத் தொடும் வரை காத்திருந்து குதிப்பான். ரிலேயில் இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாம், ஒருவன் முந்திக் குதித்தால் நாலு பேர் உழைப்பும் போச்சு. ஆகவே ரிலே வரிசையையும், யார் எந்த ஸ்ட்ரோக் நீந்துவது என்பதையும் கோச்சிடம் விட்டுவிடுவோம்.

ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்பதை அவரிடம் விடக்கூடாது. எங்கள் கோச் நல்ல மனிதர், நான் மதிக்கிறவர். அவர் சில பிள்ளைகளுக்குக் காலையில் தனியாகவும் சொல்லிக்கொடுக்கிறார், அதற்குக் கட்டணம் வாங்குகிறார், அதில் தப்பு எதுவும் கிடையாது. அந்தப் பிள்ளைகள் தேர்வானால் காசு கொடுத்தவர்கள் பிள்ளை என்று பேச்சு வரும், தேர்வாகாவிட்டால் காசு கொடுத்தும் இப்படியா என்று பேச்சு வரும். இரண்டு பக்கமும் அடி வாங்குவது அவர்தான். அவருக்கு முன்னால் ஒரு எழுதின விதி இருந்தால் அவருக்கே நிம்மதி.

மூன்றாவது, எல்லாருக்கும் இடம், சுற்று முறையில். பிள்ளைகள்தானே, ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று இரண்டு அம்மாக்கள் கேட்டார்கள். 8 வயதுக்குக் கீழே எனக்கும் அதே எண்ணம்தான், அந்த வயதில் எல்லாரும் ஒரு தடவையாவது மீட்டில் நீந்தவேண்டும், குதிக்கத் தெரியாவிட்டால் தண்ணீருக்குள் இருந்தே தொடங்கட்டும். அதற்கு மேல் போனால் எனக்குத் தயக்கம். இரண்டு வருடம் முன்பு 11-12 பிரிவில் ஆள் பற்றாமல் ஒரு பெண்ணை 50 மீட்டர் பட்டர்ஃபிளையில் இறக்கினார்கள். அவளுக்கு அது இன்னும் முழுதாக வராது. மற்ற ஐந்து பேரும் ஏறிப்போய்த் துண்டைப் போர்த்திக்கொண்டுவிட்டார்கள், இவள் பாதிக் குளத்தில் இருக்கிறாள். ஊரே எழுந்து கை தட்டியது, நல்ல மனதோடுதான். அவளுக்கு அந்தக் கைதட்டல் எப்படிக் கேட்டது என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது, வயிற்றுவலி என்றாள், பிறகு வரவே இல்லை. அந்த வயதுப் பெண் பிள்ளைகளை வீட்டில் நீச்சல் உடைக்காகவே நிறுத்தப் பார்க்கிறார்கள், முழுக்கை உடை வாங்கிக்கொடுத்து, பேசிப் பேசித்தான் தக்கவைத்திருக்கிறோம். நாமே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டோம்.

இடம் கொடுப்பது என்றால் தாங்கக்கூடிய இடத்தைக் கொடுக்கவேண்டும். அதற்குத்தான் பி மீட். புதன்கிழமை சாயங்காலம், நம் குளத்திலேயே, நம் பிள்ளைகளுக்குள்ளேயே, விருப்பப்பட்ட எல்லாரும் நீந்தட்டும், ஒவ்வொருவரும் தன் பழைய டைமோடு மோதட்டும். வெளியூர்ப் பயணம் இல்லை, ஜெர்சி இல்லை, ஒன்பது பேர் கடிகாரத்தோடு வந்தால் போதும், அங்கே எடுக்கிற டைமையே மூன்று டிரையலில் ஒன்றாகவும் வைத்துக்கொள்ளலாம்.

நாலாவது வழி, முன்னேற்றம். சீசன் தொடக்கத்தில் இருந்த டைமில் இருந்து யார் அதிகம் குறைத்தார்களோ அவர்களுக்கு இடம். கேட்க இனிக்கிறது. ஆனால் 32 வினாடியில் இருந்து 27க்கு வருகிற புதுப் பிள்ளை ஐந்து வினாடி குறைக்கும், 18இல் இருந்து 17.6க்கு வருகிற பிள்ளை அரை வினாடிகூடக் குறைக்காது, அந்த 0.4க்கு அது ஆறு மாதம் உழைத்திருக்கும். எல்லா இடத்தையும் முன்னேற்றத்துக்கே கொடுத்தால் நன்றாக நீந்துவதற்குத் தண்டனை போல ஆகிவிடும். தொடக்கத்தில் வேண்டுமென்றே மெதுவாக நீந்தச் சொல்லித்தருகிற பெற்றோரும் வருவார்கள். அதனால் தொடக்க டைமையும் ஒரு தடவையோடு எடுக்காமல் முதல் இரண்டு வாரத்தின் சிறந்த டைமாக வைக்கவேண்டும்.

ஐந்தாவது, வருகைப் பதிவு. இதைத்தான் நான் முதலில் ஆதரித்தேன், பல பேரிடம் பேசியும் இருக்கிறேன். தவறாமல் வருகிற பிள்ளைக்கு இடம் கொடுப்பதைவிட நியாயம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு வராத நாட்களை மட்டும் வட்டம் போட்டுப் பார்த்தேன். வட்டம் எல்லாம் தோட்டத்துப் பெயர்களில் குவிந்திருந்தது, அதுவும் ஒரே நாட்களில். மில்லில் இரண்டாவது ஷிப்ட் மாறுகிற வாரம் மூன்று பிள்ளைகள் சேர்ந்தாற்போல் இல்லை. பழம் அதிகமாக வருகிற மாதத்தில் அம்மாவும் உதிரிப் பழம் பொறுக்கப் போய்விடுகிறாள், கொண்டுவந்து விட ஆள் இல்லை. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் கூட்டத்துக்கு) போன மனிதர் சாயங்காலம் திரும்பி வந்து, உடம்பு முழுக்க வலியோடு மோட்டாரை எடுத்து ஒன்பது கட்டை போய், ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, இருட்டில் லாரிகளுக்கு நடுவே திரும்பவேண்டும். அந்தப் பிள்ளை பத்தில் ஆறு நாள் வந்தால் அது தாமான் பிள்ளை பத்துக்குப் பத்து வந்ததற்குக் குறைந்ததா?

ஆகவே வருகையை எண்ணுவது என்றால் வருவதற்கு வழி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நாம் எண்ணுவது பிள்ளையின் அக்கறையை இல்லை, அப்பாவிடம் காடி இருக்கிறதா என்பதை.

டைமுக்கும் இதே கதைதான் என்று ஒருவர் மடக்கலாம். வாரம் நாலு நாள் நீந்துகிற பிள்ளை இரண்டு நாள் நீந்துகிற பிள்ளையைவிட வேகமாக இருப்பான், கடிகாரம் அதையும் சேர்த்துத்தான் அளக்கிறது. ஆமாம். அதனால்தான் எல்லா லேனையும் கடிகாரத்திடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மலேசிய நீச்சல் வீராங்கனை நூருல் ஹூடா அப்துல்லா 1985 பாங்காக் சீ (தென்கிழக்கு ஆசிய) விளையாட்டுப் போட்டியில் 13 வயதில் ஏழு தங்கம் வாங்கினார், அப்படிப் பிள்ளையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து முன்னே அனுப்பவேண்டாமா என்று கேட்கிறார்கள். கட்டாயம் அனுப்பவேண்டும். அப்படிப்பட்ட பிள்ளை முதல் லேனில் தானாக வந்துவிடும். நம் சண்டை முதல் லேனைப் பற்றி எப்போதுமே இருந்ததில்லை.

மூன்றாவது லேனைப் பற்றித்தான். அந்தப் புள்ளிக் கணக்கைப் பாருங்கள், 5, 3, 1. ஆறு பேர் நீந்தும்போது நம் மூன்றாவது ஆள் முதல் மூன்றுக்குள் வந்தால்தான் ஒரு புள்ளியாவது. போன வருட மீட் தாள்களை எடுத்துப் பார்த்தேன், நம் மூன்றாவது ஆள் புள்ளி கொண்டுவந்த போட்டிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டன. பெரும்பாலும் அவர் நாலாவது, ஐந்தாவது. நாம் மீட்டைத் தோற்றது ரிலேயில் முந்திக் குதித்ததாலும் ஒரு கையால் சுவரைத் தொட்டதாலும்தான். மூன்றாவது லேனில் 0.3 வினாடி வேகமான பிள்ளையை நிறுத்தினோமா, இல்லையா என்பதால் ஒரு மீட்கூடக் கைமாறவில்லை. அந்த லேனை வேறு மாதிரிக் கொடுத்தால் கிளப் இழப்பது கொஞ்சம், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நிறைய.

என் முடிவு இதுதான். 8 வயதுக்குக் கீழே எல்லாருக்கும் சுற்று முறை. அதற்கு மேலே, முதல் இரண்டு லேன் கடிகாரத்துக்கு: மூன்று தடவை, மூன்று கடிகாரம், விதிப்படியான ஸ்ட்ரோக், அரை வினாடிக்குள் என்றால் சின்னவருக்கு. மூன்றாவது லேன், முதல் இரண்டில் வராத பிள்ளைகளில் அதிகம் முன்னேறியவருக்கு, மீட்டுக்கு மீட் ஆள் மாறவேண்டும், அந்தத் தூரத்தை விதிப்படி நீந்தி முடிக்கத் தெரிந்திருக்கவேண்டும். ரிலே கோச் கையில். புதன்கிழமை பி மீட். முதல் டிரையலுக்கு முன்னாலேயே இது எழுத்தில் பலகையில் ஒட்டியிருக்கவேண்டும், டைம் வந்தபிறகு யார் பிள்ளைக்காகவும் ஒரு வரி மாறக்கூடாது, என் மகளுக்காகவும்தான். போன வருட டைம்படி பார்த்தால் அவள் மூன்றாவது லேனில் நீந்துகிறவள், இந்த விதியில் அவளுக்குப் பாதி மீட் போய்விடும். அவளிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், அப்புறம் புதன்கிழமை எத்தனை போட்டி நீந்தலாம் என்று கேட்டாள்.

வருகைப் பதிவைப் பற்றி ஒரு முடிவு மீதி இருக்கிறது. பள்ளி வேன் ஓட்டுகிறவரிடம் பேசினேன், சாயங்காலம் அவர் வண்டி சும்மா நிற்கிறது, வாரம் மூன்று நாள் தோட்டத்துக்குப் போய் வர மாதம் 450 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். புது ஜெர்சிக்கு ஒதுக்கின பணம் அப்படியே இருக்கிறது, போன வருட ஜெர்சி ஒன்றும் கிழிந்துவிடவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது இந்த மாற்றத்தைத்தான். வேன் மூன்றே காலுக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் வந்து நிற்கத் தொடங்கட்டும், அன்றிலிருந்து வருகையை எண்ணுவோம். அதற்கு முந்தைய பக்கங்களில் வட்டம் போட்டிருக்கிற நாட்களை யாருடைய கணக்கிலும் சேர்க்கவேண்டாம்.